பஞ்சப்படி தந்த பரமன்!



மாதம் இருபது தேதியைத் தாண்டிவிட்டால், பல வீடுகளில் அரிசி டப்பாவுக்கு அடியிலும் அஞ்சறைப்பெட்டி மூடிக்குள்ளும் ஒரு ரகசியம் இருக்கும். நாலாக மடித்த ஒரு நூறு ரூபாய் நோட்டு. பால்காரர் வந்தாலும் எடுக்கமாட்டீர்கள், கேபிள்காரர் வந்தாலும் எடுக்கமாட்டீர்கள். 'திடீரென்று குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்?' என்று அதைக் காப்பாற்றி வைத்திருப்பீர்கள். அந்தக் கணக்கு உங்களுக்கும் உங்கள் பூஜை அறையில் இருக்கும் தெய்வத்துக்கும் மட்டும்தான் தெரியும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பிரதோஷ தினம். அபிஷேகம் முடிந்து, நந்தி தேவருக்குத் தீபாராதனை ஆகி, கூட்டம் மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. பிராகாரத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் ஒரு சகோதரி வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் வில்வப் பொட்டலம். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்.

''ஐயா... ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைச்சுக்காதீங்க'' என்றார்.

''கேளும்மா.''

''அவருக்கு வேலை போய் நாலு மாசம் ஆச்சு. இருந்த நகையெல்லாம் அடகுக்குப் போயாச்சு. மாமியாருக்கு இன்னும் விஷயம் தெரியாது. தெனமும் காலையில சாப்பாடு கட்டிக் குடுத்து ஆபீசுக்கு அனுப்புற மாதிரி அனுப்பறேன். வேலை தேடிட்டு சாயந்தரம் வர்றார். நான் ஒரு பிரதோஷம் விட்டதில்லை. வெள்ளிக்கிழமை வெளக்கு விட்டதில்லை. எங்களுக்கு ஏன் சாமி இப்படிப் பண்றார்? ஒருத்தர் ஜாதகம் பார்த்துட்டு, பதினஞ்சாயிரம் செலவு பண்ணி ஒரு பரிகாரம் செஞ்சா சரியாயிடும்னு சொல்றார். கடன் வாங்கியாவது செஞ்சிடலாமா?''

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைத்தான் இன்று உங்களிடமும் சொல்லப்போகிறேன். ஏனென்றால், அந்தக் கேள்வி அவர் ஒருவருடையது மட்டும் இல்லை. கணவரின் வேலை, பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸ், வீட்டுக் கடன் தவணை என்று ஏதோ ஒன்று நம் எல்லார் நெஞ்சையும் ஒரு நாளாவது அழுத்தியிருக்கிறது. அப்போதெல்லாம், 'சாமி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாரா?' என்று ஒரு கேள்வி எட்டிப் பார்த்திருக்கும். அதைக் கேட்பது பாவம் இல்லை அம்மா. பெரிய பெரிய மகான்களின் வாழ்விலேயே அந்த நிலை வந்திருக்கிறது.

அந்தச் சகோதரியிடம், ''திருவீழிமிழலை போயிருக்கிறாயா?'' என்று கேட்டேன். இல்லை என்றார். ''சரி, இப்போது போய்விட்டு வரலாம், வா'' என்று கதையை ஆரம்பித்தேன்.

மகான்கள் ஊரிலும் பஞ்சம்!

திருவாரூர் மாவட்டத்தில், பூந்தோட்டத்துக்கு மேற்கே இருக்கிறது திருவீழிமிழலை. வீழிச் செடி தல விருட்சமாக இருப்பதால் இந்தப் பெயர். சுவாமிக்கு வீழிநாதர் என்று திருநாமம். அம்பாளை மணந்துகொண்ட திருக்கோலத்தில் இருப்பதால் மாப்பிள்ளை சுவாமி என்றும் செல்லமாக அழைப்பார்கள். மகாவிஷ்ணு தினமும் ஆயிரம் தாமரை மலர்களால் அர்ச்சித்து, ஒரு நாள் ஒரு மலர் குறைந்தபோது தன் கண்ணையே எடுத்துச் சாத்தி, சக்கராயுதம் பெற்ற தலம் இது என்பது புராணம்.

ஏழாம் நூற்றாண்டு. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் அடியார் கூட்டத்தோடு இந்த ஊருக்கு வந்து தங்கியிருந்தார்கள். ஒருவர் அம்பாளின் ஞானப்பால் உண்ட பாலகர். இன்னொருவர், அந்தப் பாலகரே 'அப்பரே' என்று அழைத்த முதியவர். இருவரும் ஒரே ஊரில் இருக்கிறார்கள் என்றால் அந்த ஊருக்கு என்ன குறை வரும் என்றுதானே நினைப்போம்?

வந்ததே! மழை பொய்த்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை. வயல் காய்ந்தது. ஊரே பஞ்சத்தில் வாடியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சம்பந்தர் இருந்த ஊருக்கே பஞ்சம் வந்திருக்கிறது. அப்பர் நடந்த தெருவிலேயே பசி நடமாடியிருக்கிறது. அப்படியிருக்க, நம் வீட்டில் ஒரு கஷ்டம் வந்தவுடன், 'நான் என்ன பாவம் செய்தேனோ... பூஜையில் என்ன குறை வைத்தேனோ...' என்று நம்மை நாமே குத்திக் கிழித்துக்கொள்ளலாமா? பஞ்சம் யாருக்கும் வரும். அது தண்டனைச் சீட்டு இல்லை.

அன்றைக்கு இரவு இருவர் கனவிலும் வீழிநாதர் வந்தார். 'காலம் கெட்டுப் போனாலும் உங்கள் மனத்துக்கு வாட்டம் வராது. ஆனாலும், உங்களை நம்பி உடன் இருப்பவர்களுக்காக நாள்தோறும் ஆளுக்கொரு காசு தருகிறோம்' என்று அருளினார். விடிந்தது. கோயிலின் கிழக்குப் பலிபீடத்தில் சம்பந்தருக்கு ஒரு பொற்காசு. மேற்குப் பலிபீடத்தில் அப்பருக்கு ஒரு பொற்காசு. அன்று முதல் தினமும் காசு வந்தது.

இதற்குப் 'படிக்காசு' என்று பெயர். படி என்றால் அன்றாடச் செலவுக்கு அளந்து கொடுப்பது. அரசாங்க உத்தியோகத்தில் விலைவாசிக்காகச் சம்பளத்தோடு சேர்த்துத் தருவதைப் 'பஞ்சப்படி' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே... அசல் பஞ்சப்படி என்றால் இதுதான்! ஊர் பஞ்சத்தில் கிடந்தபோது பரமனே கொடுத்த படி!

ஏன் ஒரே நாளில் கொடுக்கவில்லை?

அந்தச் சகோதரி இந்த இடத்தில் குறுக்கிட்டார். ''தெனம் ஒரு காசு எதுக்குங்க ஐயா? ஒரே நாள்ல ஒரு மூட்டையாக் குடுத்திருக்கலாமே?''

நல்ல கேள்வி. கொடுக்க முடியாமலா இருந்தார்? திருவாவடுதுறையில் சம்பந்தர் தன் தந்தையின் வேள்விக்காகப் பொருள் கேட்டபோது, ஆயிரம் பொன்னை ஒரே கிழியாகப் பீடத்தில் வைத்தவர்தானே! திருமுதுகுன்றத்தில் சுந்தரருக்குப் பன்னிரண்டாயிரம் பொன் கொடுத்தவர்தானே!

திருவீழிமிழலையில் மட்டும் தினம் ஒன்றாகக் கொடுத்தார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மொத்தமாகக் கொடுத்திருந்தால், மறுநாள் பலிபீடத்தருகே போக வேண்டியதில்லை. மூட்டையைக் காவல் காத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவோம். தினம் ஒன்று என்றால், தினமும் அவன் வாசலுக்குப் போக வேண்டும். இன்றைக்குக் கொடுத்தவன் நாளைக்கும் கொடுப்பான் என்று ஒவ்வொரு ராத்திரியும் நம்பித் தூங்க வேண்டும்.

நாம் என்ன செய்கிறோம்? இன்றைக்கு அடுப்பு எரிகிறது. ஆனால், அடுத்த ஜூன் மாதத்து ஸ்கூல் ஃபீஸை நினைத்து, எதிரில் இருக்கும் சாதம் தொண்டையில் இறங்கவில்லை. திட்டம் போடவேண்டாம் என்று சொல்லவில்லை. போடுங்கள், எழுதி வையுங்கள். ஆனால், ஜூன் மாதத்துப் பாரத்தைத் தை மாதத்து முதுகில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். இரவு படுக்கும் முன், 'இன்றைய படி வந்துவிட்டது, நன்றி' என்று ஒரு நிமிடம் கைகூப்புங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சுவாமி கொடுத்தது காசு. சமைத்த சாதம் இல்லை! அந்தக் காசை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போக வேண்டும். அரிசி, பருப்பு, காய்கறி வாங்க வேண்டும். அடுப்பு மூட்ட வேண்டும். பறை அறைந்து, 'பசித்தவர்கள் வாருங்கள்' என்று கூப்பிட வேண்டும். அருளுக்கும் சோற்றுக்கும் நடுவே மனிதர்களுடைய கைகள் இருந்தன. 'எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பதற்குப் பெயர் நம்பிக்கை இல்லை.

காசில் ஒரு குறை!

கதையின் முக்கியமான கட்டம் இனிமேல்தான் வருகிறது.

இரண்டு மடங்களிலும் அன்னம்பாலிப்பு நடந்தது. அப்பரின் மடத்தில் உரிய நேரத்தில் இலை போட்டுவிடுவார்கள். சம்பந்தரின் மடத்திலோ தினமும் தாமதம். பசியோடு அடியார்கள் காத்திருப்பதைப் பார்த்த சம்பந்தர், சமையல் செய்பவர்களை அழைத்துக் காரணம் கேட்டார்.

அவர்கள் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். 'நமக்குக் கிடைக்கும் காசை எடுத்துப் போனால், வாசி கேட்கிறார்கள் சுவாமி. வட்டம் கொடுத்து மாற்றித்தான் பண்டம் வாங்க வேண்டியிருக்கிறது. நாவுக்கரசர் பெறும் காசுக்கு வாசி இல்லை. உடனே சாமான் தந்துவிடுகிறார்கள். அதனால்தான் நமக்கு நேரமாகிறது.'

வாசி என்றால் காசை மாற்றும்போது மதிப்பில் பிடித்துக்கொள்ளும் கழிவு. ஆண்டவன் கொடுத்த காசிலேயே கழிவா? அதுவும் ஞானப்பால் உண்ட பிள்ளைக்கா?

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? பக்கத்து வீட்டில் புது ஃபிரிட்ஜ் வந்து இறங்கினாலே, 'அவர்களுக்கு மட்டும் எப்படி?' என்று மனம் கொதிக்கிறது. சம்பந்தர் கொதிக்கவில்லை. சற்று யோசித்தார். 'நாவுக்கரசர் கையில் உழவாரம் ஏந்தித் தொண்டு செய்கிறார். அந்தத் தொண்டினால் பெறுகிற காசு. அதனால் அது வாசியில்லாமல் இருக்கிறது' என்று பெரியவரின் உழைப்பை எண்ணிப் பார்த்தார்.

பாட்டு இருவருக்கும் பொது. இருவருமே தேவாரம் பாடியவர்கள். ஆனால், அப்பர் கூடுதலாக ஒரு வேலை செய்தார். தள்ளாத வயதிலும் கோயில் பிராகாரத்தில் புல்லைச் செதுக்கினார். முள்ளை அகற்றினார். கை காய்த்துப்போகும் வேலை. அந்தக் கைக்குச் சுவாமி கொடுத்த மரியாதைதான் வாசியில்லாக் காசு!

வீட்டில் விடிகாலை எழுந்து பாத்திரம் துலக்கி, சமைத்து, துணி துவைத்து, முதியவர்களைக் கவனித்துக்கொள்ளும் சகோதரிகளே... உங்கள் வேலைக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. 'நீ வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்' என்றுகூடச் சிலர் சொல்வார்கள். உழவாரம் பிடித்த கையின் அருமை தெரிந்தவனுக்கு, கரண்டி பிடித்த கையின் அருமை தெரியாமலா போகும்?

சரி, சம்பந்தர் அதோடு விட்டுவிட்டாரா? இல்லை. மறுநாள் வீழிநாதர் சந்நிதியில் நின்று, காசில் உள்ள குறையை நீக்கித் தரும்படி மனம்விட்டுக் கேட்டுப் பாடினார். முதல் திருமுறையில் 92-வது பதிகம் அது. சின்னச் சின்ன அடிகளால் ஆனது. பணக் கஷ்டம் தீர இன்றும் பலர் பாராயணம் செய்கிறார்கள். அதற்குப் பிறகு நல்ல காசே கிடைத்தது. அவர் மடத்திலும் நேரத்தோடு இலை விழுந்தது.

ஆகவே, காசு வேண்டும் என்று கடவுளிடம் கேட்பது கேவலம் இல்லை. 'எனக்கு இது வேண்டும், இன்ன தேதிக்குள் வேண்டும்' என்று தாயிடம் கேட்பதுபோலக் கேளுங்கள். சம்பந்தரே கேட்டிருக்கிறார். அதுவும், வந்த காசு சரியில்லை என்று சொல்லியே கேட்டிருக்கிறார்!

சுந்தரர் கதை இன்னும் வேடிக்கை. முதுகுன்றத்தில் கிடைத்த பொன்னை இறைவன் சொன்னபடி மணிமுத்தாற்றில் போட்டார். அதைத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆற்றில் போடும் முன் அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பொன்னில் கொஞ்சம் மச்சம் வெட்டிக் கையோடு வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னோடு அதை ஒப்பிட்டும் பார்த்தார். தம்பிரான் தோழரே மாற்று உரைத்துப் பார்த்திருக்கிறார். கடவுளை நம்புகிறவர்கள் கணக்கைப் பார்க்கக்கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாலே மாதத்தில் பணம் இரட்டிப்பாகும் என்று சாமி படத்தை மாட்டிக்கொண்டு சீட்டு நடத்துகிறவர்களிடம் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

கை நழுவிய குடம்

அந்தச் சகோதரியின் முகம் கொஞ்சம் வாடியது. ''அப்படின்னா... உழைக்கிறவங்களுக்குத்தான் நல்ல காசுன்னா, எங்க வீட்டுக்காரர் உழைக்கலைன்னு ஆகுதுங்களே ஐயா? பதினெட்டு வருஷம் நாயா உழைச்சார்'' என்றார். கண்ணில் நீர் முட்டியது.

''இல்லையம்மா, இன்னும் ஒரு கதை இருக்கிறது'' என்றேன்.

கும்பகோணத்துக்கு அருகில் அழகாபுத்தூர் என்று ஒரு தலம். தேவாரத்தில் அரிசிற்கரைப்புத்தூர். அங்கே சிவனுக்கு அன்றாடம் பூஜை செய்து வந்தவர் புகழ்த்துணை நாயனார். அறுபத்து மூவரில் ஒருவர். அங்கும் பஞ்சம் வந்தது. ஊரைவிட்டு எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்ளலாம். அவர் போகவில்லை. 'என் சுவாமியை விட்டுப் போகமாட்டேன்' என்று பட்டினியோடு திருமஞ்சனக் குடத்தைத் தூக்கினார்.

ஒரு நாள், அபிஷேகம் செய்துகொண்டிருக்கும்போதே பசியால் கை தளர்ந்தது. குடம் நழுவிச் சிவலிங்கத்தின் திருமுடி மேலேயே விழுந்தது. அப்படியே மயங்கிச் சாய்ந்துவிட்டார்.

உழைக்காதவரா அவர்? பக்தி இல்லாதவரா? இரண்டும் இருந்தும் பசி அவரைக் கீழே சாய்த்தது.

சுவாமி கோபித்தாரா? 'என் தலையில் குடத்தைப் போட்டாயே' என்றாரா? மயக்கத்தில் கனவாக வந்தார். பஞ்சம் தீரும்வரை தினம் ஒரு காசு இங்கே வைக்கிறோம் என்றார். கண் விழித்தார், பீடத்தின் கீழே காசு இருந்தது. அந்தத் தலத்து ஈசனுக்கே 'படிக்காசுநாதர்' என்று பெயர் வந்துவிட்டது.

''உன் கணவர் கையிலிருந்து குடம் நழுவியிருக்கிறது. அவ்வளவுதான். அது அவர் குற்றம் இல்லை. அதற்காகச் சுவாமி அவர்மேல் கோபமாக இல்லை. நீயும் கோபப்படாதே. அவரும் தன்மேல் கோபப்பட வேண்டாம் என்று சொல்'' என்றேன். அந்தப் பெண் அங்கேயே குலுங்கி அழுதுவிட்டார். நாலு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை.

இன்னொன்றும் சொன்னேன். இரண்டு ஊரிலும் காசு வந்த அன்றே பஞ்சம் போய்விடவில்லை. மழை பெய்யும்வரை பஞ்சம் இருந்தது. பஞ்சம் இருக்கும்வரை காசும் வந்தது. கஷ்டத்தை உடனே எடுத்துவிடுகிறேன் என்று அவன் சொல்லவில்லை. கஷ்டம் தீரும்வரை உன்கூட இருக்கிறேன் என்றுதான் சொன்னான்.

பரிகாரம் எது?

''பதினைந்தாயிரம் கடன் வாங்கிப் பரிகாரம் வேண்டாம். பஞ்சத்தில் இருக்கிறவனுக்குக் காசு கொடுத்த சாமி, பஞ்சத்தில் இருக்கிற உன்னிடம் காசு கேட்கமாட்டார். வில்வம் கொண்டுவந்தாயே, போதும். நீ செய்ய வேண்டிய பரிகாரம் வேறு. இன்றைக்கே மாமியாரிடம் உண்மையைச் சொல்'' என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? திருவீழிமிழலையில் சமையல்காரர்கள் வாசி விஷயத்தை மறைத்துக்கொண்டே இருந்தார்கள். சொன்ன பிறகுதான் வழி பிறந்தது. வீட்டில் பணக் கஷ்டத்தை ஒருவருக்கொருவர் மறைக்கிறவரை, அந்த மறைப்புக்கும் சேர்த்து வட்டி கட்டிக்கொண்டிருப்போம்.

இரண்டு பிரதோஷம் கழித்து மறுபடி வந்தார். கழுத்தில் அதே மஞ்சள் கயிறுதான். முகம் மட்டும் தெளிந்திருந்தது.

''அன்னைக்கு ராத்திரியே சொல்லிட்டேன் ஐயா. திட்டுவாங்கன்னு நெனைச்சேன். 'எனக்கு ரெண்டு மாசமாவே தெரியும்டி. சம்பளத் தேதியில அவன் பூ வாங்கிட்டு வரலையே'ன்னாங்க. பெட்டியிலேர்ந்து சுருக்குப்பையை எடுத்து ஏழாயிரம் ரூபாய் குடுத்தாங்க. 'இவன் அப்பாவுக்கு மில்லு மூடினப்ப நானும் இப்படித்தான் ஒருத்தர்கிட்டயும் சொல்லாம அழுதேன்'னு என்னைக் கட்டிக்கிட்டாங்க. இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து பருப்புப்பொடி, இட்லிப்பொடி இடிச்சு அக்கம்பக்கத்துல குடுக்கறோம். அவருக்கும் ஒரு எடத்துல வேலை கெடைச்சிருக்கு. பழைய சம்பளத்துல பாதிதான். ஆனா, வாசியில்லாத காசு ஐயா!''

நகை இன்னும் மீளவில்லை. மீளும்.

சகோதரிகளே... ஒரு முறை குடும்பத்தோடு திருவீழிமிழலைக்குப் போய் வாருங்கள். தூணே இல்லாமல் பரந்து நிற்கும் வெளவால்நெத்தி மண்டபத்தை நிமிர்ந்து பாருங்கள். படிக்காசுப் பிள்ளையாரை வணங்குங்கள். காசு வைத்த பலிபீடத்தின் முன் நின்று உங்கள் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். போக முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். தினமும் சாதம் வடித்தவுடன், ஒரு பிடி எடுத்துக் காக்கைக்கு வைத்துவிட்டு, 'இன்றைய படி வந்தது' என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் எவளாவது ஒருத்தி மஞ்சள் கயிற்றோடு நின்றால், அவள் கேட்கும்வரை காத்திருக்காமல் ஒரு ஆழாக்கு அரிசியோடு கதவைத் தட்டுங்கள். அவள் வீட்டுக்கு அன்றைக்கு நீங்கள்தான் பலிபீடம்!

அரிசி டப்பாவுக்கு அடியில் இருக்கும் அந்த நூறு ரூபாய் அங்கேயே இருக்கட்டும். அதற்குமேல் அரிசி இருக்கிறது, பாருங்கள். அதுதான் அவன் இன்றைக்கு அளந்த படி.

வீழிநாதர் உங்கள் வீட்டிலும் வாசியில்லாமல் படியளக்கட்டும்!